பன்னிரண்டாவது கூவல்

ஆட்களை எண்ணாமலா இறங்கினீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எண்ணினோம். பதினொரு பேர் நெருப்பு அணைக்க மலைக்கு ஏறினோம். இறங்கும்போது பதினொரு கூவல் கேட்டது. இறங்கி வந்தது பத்துப் பேர். அங்கே விடுபட்டவன் என் மனைவியின் தம்பி. கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில், கரைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கே வயல், வயலுக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் பாறை மலைகள். நாட்காட்டிப் படத்தில் வருகிற மலை இல்லை. வீட்டளவு கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். இடையில் சூரை முள், ஈச்சம்பற்றை, இடுப்பளவு இலுக்கம்புல். ஆவணியில் மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடித்து அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எரியும். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று ஒருவன் வைப்பான். தேன் எடுக்கப் போனவன் பந்தத்தை அணைக்காமல் விட்டுவிட்டு வருவான். யார் வேலை என்பது இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை வைக்கப் போவது தங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம்.

தீயணைப்பு வண்டி பாதை முடிகிற இடம் வரைதான் வரும். அதற்கு மேலே அது ஏறாது, அது வண்டியின் பிழையில்லை. அதற்கு மேலே நாங்கள்தான். மாடு காட்டில் நிற்கிறவர்கள், வயல் விளிம்பில் குடியிருப்பவர்கள், அன்றைக்கு வேலை இல்லாதவர்கள். ஒரு முறை ஒரு நிறுவனம் வந்து எங்களைக் கூட்டிவைத்து, தொண்டர் குழு என்று பதிந்து, ஆளுக்கொரு மஞ்சள் பெனியனும் விசிலும் தந்து படம் எடுத்துக்கொண்டு போனது. அந்தப் பெனியன் சூட்டில் உருகி முதுகில் ஒட்டுகிற சாமான். விசிலைப் பிள்ளைகள் ஊதித் தொலைத்தார்கள். காலுக்குச் சப்பாத்துக் கேட்டோம், எழுதிக்கொண்டு போனார்கள். நாங்கள் றப்பர் செருப்போடுதான் நெருப்புக்குள் போகிறோம்.

கையில் காட்டுக்கத்தி, மண்வெட்டி. முதுகில் வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கி, அதற்குள் தண்ணீர். மற்றது பச்சைக் குழை. ஒரு கொப்பை வெட்டி, நிலத்தோடு ஓடுகிற நெருப்பை அடித்து அமத்துவோம். ஆள் உயரத்துக்கு எழும்பிய நெருப்பை யாராலும் அடிக்க முடியாது. அதற்கு முன்னால் ஓடிப்போய் ஆறேழு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண் ஆக்குவோம். வந்து அதோடு நின்றால் சரி. தாண்டினால் ஓடுவோம். இவ்வளவுதான் எங்கள் வித்தை.

காட்டுக்குள் நாங்கள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேட்கக் கூடாதது எதுவோ அந்தப் பெயரைக் கேட்டு வைத்திருந்து, பிறகு அது கூப்பிடும் என்பார்கள். நம்புகிறவனும் கூப்பிட மாட்டான், நம்பாதவனும் கூப்பிட மாட்டான். கூவுவோம். வரிசையில் முதல் ஆள் கூவ இரண்டாம் ஆள் கூவி, அப்படியே கடைசி ஆள் வரை போகும். புகைக்குள் ஆள் தெரியாது, கூவல் தெரியும். அதுதான் எண்ணிக்கை. எண்ணிக்கை முடிந்த பிறகு அதிகமாக ஒரு கூவல் கேட்டால் ஒருவரும் பதில் கொடுக்கக் கூடாது. அது மனிதக் கூவல் இல்லை என்பது எங்கள் கணக்கு.

அந்த நேரம் மனைவியின் தம்பி என்னோடு கதைப்பதில்லை. இரண்டு மாதம். ஒரே வளவு, ஒரே கிணறு. அவனுக்கு முப்பது வயது, இன்னும் கலியாணம் ஆகவில்லை. இரண்டு பேருடைய மாடுகளையும் அவன்தான் பார்த்தான். தாய் மாடுகள் பகலில் காட்டில் மேயும். கன்றுகளை முள்வேலிக்குள் கட்டி அடைத்திருப்போம். அந்தப் பட்டியை அவன் வயல் பக்கத்திலிருந்து மலையடிக்கு மாற்றினான். அங்கே பாறை இடுக்கில் ஒரு சுனை உண்டு, வெயில் காலத்திலும் கொஞ்சம் கசியும். காடு எரிகிற மாதத்தில் கன்றுகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் அடைக்கிறவன் மாடு மேய்க்கவும் லாயக்கில்லாதவன் என்று நான் சொன்னேன். கோயில் கூட்டத்தில், ஊர் முழுக்க இருக்கும்போது சொன்னேன். அவன் தண்ணீருக்காக மாற்றினான். நான் நெருப்புக்காகச் சொன்னேன். இரண்டும் சரிதான். சொன்ன இடம் பிழை.

அதற்குப் பிறகு எனக்கு நேரே நின்றுகொண்டு அக்காவிடம்தான் பேசுவான்.

"அக்கா, மண்வெட்டி எங்கை வைச்சதெண்டு அத்தானிட்டைக் கேளுங்கோ."

"அவர் என்ன செவிடோ? நீயே கேள்."

"நீங்கள் கேளுங்கோ."

"மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னாலை எண்டு சொல்லு," என்பேன் நான்.

"ரெண்டு பேருக்கும் தபால்காரி வேலை பாக்க எனக்கு ஏலாது," என்று அவள் குசினிக்குள் போய்விடுவாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவான். இப்படியே போனது. எனக்கும் ஒன்றும் அவசரமில்லை. பேசட்டும், பேசாமல் கிடக்கட்டும் என்று விட்டேன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி இருக்கும், மலைக்கு மேற்கே புகை எழும்பியது. கமக்காரர் சங்கத் தலைவர் உழவு மெசினை அடித்துக்கொண்டு வந்தார். எங்களில் மூத்தவர் அவர்தான், நெருப்புக்குப் போனால் அவர் சொல்வதுதான். மெசினின் பின்பெட்டியில் ஏறினோம், அவரோடு சேர்த்துப் பதினொரு பேர். அடுத்த ஊரில் மீன் வியாபாரம் செய்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனும் வந்தார். அவருடைய மாடுகளும் அந்தக் காட்டில்தான் நின்றன. நானும் மனைவியின் தம்பியும் பெட்டியின் இரண்டு மூலையில் முதுகு காட்டிக்கொண்டு இருந்ததை நானா பார்த்தார்.

"என்ன, மாமியும் மருமகளும் இன்னும் கோவம்தானோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர், "நானா, நீங்கள் கடைசிக்கு நில்லுங்கோ. உங்கட தொண்டை நெருப்புக்கே கேக்கும்," என்றார்.

வரிசை அப்படித்தான் அமைந்தது. தலைவர் முதல். நான் ஒன்பதாவது. மனைவியின் தம்பி பத்தாவது. நானா பதினொன்று. ஆளுக்கு ஆள் நூறு அடி இடைவெளி. மலையின் இந்தத் தோளில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் புல்லைச் செதுக்கத் தொடங்கினோம். கச்சான் காற்று நெருப்பை எங்களை நோக்கித்தான் தள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் மெதுவாக வந்தது.

முதல் எண்ணிக்கை பத்து மணிக்குப் போனது. தலைவர் கூவினார், ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. நான் கூவினேன். பிறகு சத்தம் இல்லை. எனக்கு அடுத்தபடி கூவினால் எனக்குப் பதில் சொன்னது போலாகிவிடும், அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. கத்தியால் புல்லை வெட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அவனைத் தெரிந்தது.

அங்காலே இருந்து நானா கத்தினார்: "பத்தாம் நம்பர் செத்து மவுத்தாப் போச்சா?" பிறகு அவரே இரண்டு தரம் கூவினார், ஒன்று அவனுக்கு, ஒன்று தனக்கு. வரிசை முழுக்கச் சிரிப்புக் கேட்டது. அவனும் சிரித்தான், நான் பார்த்தேன்.

மத்தியானம் அடுத்த எண்ணிக்கை. இந்த முறை நான் இரண்டு தரம் கூவினேன். என்னுடையதை என் குரலில், அவனுடையதைக் கொஞ்சம் மெல்லிய குரலில். அவன் கூவல் அப்படித்தான், கிளி கத்தினது போல இருக்கும். அவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். திரும்பிப் பார்த்துவிட்டுத் துப்பினான். பகிடியாகத்தான் செய்தேன். தலைவருக்கு எண்ணிக்கை சரியாக வந்தது, கேட்டும் கேளாதது போல அவர் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் வராதவனுக்கு 'உள்ளேன்' சொல்வது போல.

இரண்டு மணிக்குப் பிறகு கடல் காற்று எழும்பியது. அது வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டு காற்றும் மலைக்கு மேலே முட்டிக்கொண்டன. நெருப்பு எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டு, தெற்கே பள்ளத்துக்குள் இறங்கியது. பள்ளத்தின் அடியில்தான் கன்றுப்பட்டி.

மனைவியின் தம்பி அதை எனக்கு முன்னால் கண்டிருக்க வேண்டும். வரிசையை விட்டு விலகுகிறவன் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு பக்கத்து ஆள் நான். மற்றப் பக்கம் நானா, அவர் அப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. போய்விட்டான். நான் காணவில்லை. புகை பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஓடியது, மூக்கில் சளி ஓடியது. டாங்கியில் இருந்த கடைசித் தண்ணீரை என் தலையில் ஊற்றினேன்.

நாலு மணி அளவில் தலைவரின் சத்தம் கேட்டது. "காத்து சரியில்லை. எல்லாரும் இறங்குங்கோ. கூவிக்கொண்டு இறங்குங்கோ."

எண்ணிக்கை வந்தது. எட்டாவது ஆள் கூவினான். நான் கூவினேன். அடுத்து ஒன்றும் இல்லை. பார்த்தேன், புகைதான். நிற்கிறான், வழக்கம் போலக் கூவமாட்டான் என்று நினைத்தேன். அல்லது நினைக்கவே இல்லை. தொண்டை எரிந்தது, கால் எரிந்தது, கீழே போக வேண்டும். நான் அவனுடைய கூவலைக் கூவினேன். மெல்லிய குரலில், கிளி கத்தினது போல. உடனே நானா தன்னுடையதைக் கூவினார். பதினொன்று. இறங்கினோம்.

நூறு அடி இறங்கியிருப்போம். தெற்கே, பள்ளத்துப் பக்கத்திலிருந்து ஒரு கூவல் வந்தது.

எல்லோரும் நின்றோம். கரகரத்த கூவல். நீளமாக வந்து நடுவில் உடைந்தது.

"அது ஆர்?" என்றான் ஒருவன்.

"எங்கட ஆக்கள் பதினொண்டும் சரி," என்றார் தலைவர். "ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நடவுங்கோ."

நானா வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு நடந்தார். இன்னொரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பதினொன்று சரி இல்லை என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். பத்தாவது கூவல் என் தொண்டையிலிருந்து போனது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. பயந்தேன் என்று சொல்ல முடியாது, பயம் வரவில்லை. அந்த நேரம் எனக்கு ஒன்றும் வரவில்லை. கால் நடந்தது, நான் அதற்குப் பின்னால் போனேன்.

மெசினடியில் பத்துப் பேர் நின்றோம். தலைவர் என்னைப் பார்த்தார்.

"மச்சான் எங்கை?"

"வயல் வழியாலை போயிருப்பான். என்னோடை ஒரு பெட்டியிலை ஏறமாட்டான்," என்றேன்.

"மருமகள் கோவிச்சுக்கொண்டு நடையிலை போயிட்டா," என்றார் நானா. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நம்பக்கூடிய கதைதான். நானும் அதை நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

வீட்டில் மனைவி வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள். "தம்பி?" என்று கேட்டாள்.

"வாறான்."

முகம் கழுவினேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. தேத்தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். பாதி குடித்திருப்பேன், வேலிப் படலையடியில் சத்தம் கேட்டது. கன்றுகள். பதினான்கும் ஒன்றன் பின் ஒன்றாக வளவுக்குள் ஓடி வந்தன, வாயில் நுரையோடு. கடைசியில் வந்த சின்னதுக்கு வால் கருகியிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு முழம் கயிறு தொங்கியது.

மனைவி ஒரு கன்றைப் பிடித்துக் கயிற்றின் நுனியைப் பார்த்தாள்.

"இது அறுந்ததில்லை," என்றாள். "கத்தியாலை வெட்டினது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.  அவள் அடுத்த சொல் சொல்வதற்குள் நான் பாதையில் நின்றேன்.

தலைவரும் நானாவும் நானும் போனோம். நெருப்பு பள்ளத்தைத் தின்றுவிட்டு அங்காலே போயிருந்தது. சாம்பல் கணுக்காலுக்கு மேலே. கல் எல்லாம் அடுப்புக் கல்லாக இருந்தது. பட்டி இருந்த இடத்தில் முள்வேலி இல்லை, நட்ட கட்டைகள் மட்டும் புகைந்துகொண்டு நின்றன. நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. நானாவும் கூப்பிட்டார். தலைவரும் கூப்பிட்டார். அவர் காட்டுக்குள் ஒரு பெயரைச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

குரல் வரவில்லை. டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. சுனைக்குக் கீழே, இரண்டு பாறை சேருகிற பொந்துக்குள் அவன் கிடந்தான். கத்திப் பிடியால் கல்லில் தட்டிக்கொண்டு கிடந்தான். உடம்பு முழுக்கச் சேறு பூசியிருந்தான். அந்தச் சேறுதான் காப்பாற்றியது. கால் வெளியே நீட்டியிருந்தது. பொந்துக்குள் அதற்கு இடம் இல்லை.

செருப்பு உருகிக் காலோடு சேர்ந்திருந்தது. நானா அதைக் கழற்றப் போனார், தலைவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அவன் கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"நானா," என்றான். "கண்டுகள் வந்ததோ எண்டு அத்தானிட்டைக் கேளுங்கோ."

நானா என்னைப் பார்த்தார். அந்த ஆளின் முகம் அப்படி ஆகி நான் கண்டதில்லை.

"பதினாலும் வந்திட்டுதெண்டு சொல்லுங்கோ," என்றேன்.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவனை என் முதுகில் ஏற்றினேன். மலையடியிலிருந்து மெசின், மெசினிலிருந்து வேன், வேனிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி. வழியில் அவன் சத்தம் போடவில்லை. மனைவி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் முன் சீட்டில் இருந்தேன்.

இடது காலில் நாலு விரலை எடுத்தார்கள். வலது காலில் இரண்டு. தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் வைத்தார்கள். பிழைப்பானா என்று முதல் ஐந்து நாளும் டொக்டர் சொல்லவில்லை. ஆறாம் நாள், "இனிப் பயமில்லை" என்றார். நான் சரி என்றேன். சந்தோசப்பட வேண்டிய இடம் அது. ஒன்றும் வரவில்லை. வாசலில் போய் நின்று, எதிரே கடையில் ஒருவன் வாழைக்குலை தூக்கிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் கதை பலவாறாகப் போனது. அங்கால் பக்கத்து மாட்டுக்காரன் ஒருவன் கூவினான், அது எண்ணிக்கைக்குள் விழுந்துவிட்டது என்றார்கள். மலை எதிரொலித்தது என்றார்கள். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் ஒண்டும் கேக்கேல்லை, நீயும் ஒண்டும் சொல்லாதை" என்றார். அவருக்கு விளங்கியிருந்தது. இரண்டாம் எண்ணிக்கையில் நான் செய்ததை அவர் கேட்டவர்தானே. முகநூலில் யாரோ எங்களை வீரர்கள் என்று எழுதி, கன்றுகளின் படத்தைப் போட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் பூப் போட்டிருந்தார்கள். எழுதியவனுக்குச் சப்பாத்து வாங்கித் தரத் தெரியவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம் பார்க்க விடுகிற நேரம். மனைவி சுடுதண்ணீர் எடுக்கப் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன்.

"அத்தான்."

அவன் என்னைக் கூப்பிட்டு இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. "ம்," என்றேன்.

"பதினொண்டு கேட்டுது."

நான் அவனுடைய போர்வை நுனியை இழுத்துவிட்டேன்.

"பொந்துக்குள்ளை கிடந்து எண்ணினனான். தலைவற்றை முதல். ஒன்பது நீங்கள். இனி நிப்பாட்டுவீங்கள், ஆள் குறையுதெண்டு பாப்பீங்கள் எண்டு நினைச்சன். பத்தும் கேட்டுது. என்ரை கூவல்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான் செத்துப்போனன் போலை எண்டு நினைச்சன். செத்தபிறகு நான் வரிசையிலை நிண்டு கூவிறன் எண்டு. பிறகு கால் சுட்டுது. அப்பதான் நான் கூவினனான். ரெண்டு தரம்."

"கேட்டது," என்றேன்.

"கேட்டதோ?"

"ஓம்."

அவன் கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான்.  மனைவி போத்தலோடு வந்தாள். தம்பி வாய் திறந்து கதைப்பதைக் கண்டதும் அவளுக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

"தம்பி, உன்ரை கூவலை ஆரடா கூவினது? ஊரிலை ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்."

"தெரியாது அக்கா. புகை."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. அதை மன்னிப்பு என்று யாரும் எழுத வேண்டாம். அவன் மன்னிக்கவில்லை. அவளுக்கு இருக்கிற ஒரு வீட்டை உடைக்க அவனுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. கால் விரல் ஆறையும் கொடுத்துவிட்டு எனக்காகப் பொய்யும் சொல்கிறான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் சொன்னேன்.

"பத்தாவது கூவல் நான்."

அவள் மடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. "விளங்கேல்லை," என்றாள்.

"தம்பிக்காகக் கூவினது நான். அவன் கோவத்திலை கூவாமல் நிக்கிறான் எண்டு நினைச்சு நான் கூவினனான். பிறகு அவன் பள்ளத்துக்குள்ளையிருந்து கூவினதும் கேட்டது. நான் வாய் திறக்கேல்லை."

முன்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கொண்டக்டர் கதவடியில் நின்று யாரோடோ பகிடி விட்டுக்கொண்டிருந்தான். குச்சவெளி வந்தது.

"அவன்ரை குரலெண்டு தெரிஞ்சதோ?" என்றாள் பிறகு.

"தெரியேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் எனக்குள்ளை சொல்லிக்கொண்டனான்."

"நான் கேட்டது அதில்லை."

"தெரிஞ்ச மாதிரித்தான் இருந்தது."

அவள் மடியில் இருந்த பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"நாளையிலையிருந்து நான் தனியப் போறன்."

"அவனைத் தூக்கோணும். உன்னாலை ஏலாது."

"வார்ட்டிலை ஆக்கள் இருக்கினம்," என்றாள். "கேட்டால் வருவினம்."

எங்கள் தரிப்பில் அவள் முதலில் இறங்கினாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அடுத்த நாள் அவள் வெளிக்கிட்டு, காலை பஸ்ஸுக்குப் போனாள். நான் படலையடி வரை போனேன். பஸ் போனது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. மத்தியானம் வரை அங்கேயே நின்றேன்.